டிராகன் பல் முதல் பனிமனிதன் வரை: ஜைகாண்டோபிதெக்கஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

1935ஆம் ஆண்டு, ஹாங்காங். ஒரு சீன நாட்டு மருந்துக்கடையில் 'டிராகன் பல்' என்ற பெயரில் விற்பனைக்கு இருந்த குவியலில் இருந்து ரால்ஃப் ஃபான் கோனிக்ஸ்வால்ட் ஒரு கடைவாய்ப் பல்லைக் கையில் எடுத்தார். ஜாவா தீவில் ஆதிமனிதப் புதைபடிவங்களைத் தேடிக்கொண்டிருந்த தொல்லுயிர் ஆய்வாளர் அவர். சீன மருந்துக்கடை எங்கே கண்ணில் பட்டாலும் உள்ளே நுழைந்து எலும்புப் பெட்டிகளைக் கிளறுவது அவருடைய வழக்கம்.

அந்தப் பல் கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப் பல், நமக்கு ஞானப்பல் முளைக்கும் இடத்தில் இருப்பது. குறுக்களவு 2 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது நம் பல்லைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனாமல் மிகத் தடிமன். மேல்பரப்பில் இருந்த மேடுகளும் பள்ளங்களும் கரடியினுடையவை அல்ல, பன்றியினுடையவையும் அல்ல. வாலில்லாக் குரங்கு ஒன்றின் பல் அது. ஆனால் அத்தனை பெரிய குரங்கை அதுவரை யாரும் அறிந்திருக்கவில்லை. பல்லின் வேர்ப்பகுதி மட்டும் கடித்துத் தின்னப்பட்டிருந்தது. தின்றது முள்ளம்பன்றி. இந்தச் சின்ன விவரம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

கோனிக்ஸ்வால்ட் அதற்கு ஜைகாண்டோபிதெக்கஸ் பிளாக்கி என்று பெயர் வைத்தார். முதல் பாதிக்குப் பெருங்குரங்கு என்று பொருள். பின்பாதி, பீக்கிங் மனிதன் எனப்படும் சீன ஆதிமனிதனுக்கு அறிவியல் பெயர் சூட்டியவரும் முந்தைய ஆண்டுதான் இறந்துபோனவருமான டேவிட்சன் பிளாக்கின் நினைவாக.

இன்று இந்த விலங்கின் பெயர் அடிபடுவது பெரும்பாலும் இமயமலையின் யெட்டி என்ற பனிமனிதன், வட அமெரிக்காவின் பிக்ஃபுட், சீனத்தின் யெரென் ஆகிய காட்டுமனிதர்கள் பற்றிய பேச்சில்தான். 'அவை வெறும் கட்டுக்கதை இல்லை, ஜைகாண்டோபிதெக்கஸின் எச்சம்' என்று சொல்கிறார்கள். இந்தக் கூற்றுக்குள் மூன்று தனித்தனிக் கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, அந்தக் குரங்கு அழியவில்லை, எங்கோ மறைந்து வாழ்கிறது. இரண்டு, அழிந்துவிட்டது, ஆனால் நம் முன்னோர் அதை நேரில் பார்த்தார்கள், அந்த நினைவே கதையாக நிற்கிறது. மூன்று, அது மனிதனைப் போல இரண்டு காலில் நடந்தது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் எதையும் சோதிக்க முடியாது. பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்கலாம்.

மருந்துக்கடையில் இருந்து குகைக்கு

முதலில் 'டிராகன் எலும்பு' என்ற பொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வழக்கின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சீன மருத்துவத்தில் புதைபடிவ எலும்புக்கும் பல்லுக்கும் பல நூற்றாண்டுப் பயன்பாடு உண்டு. தூக்கமின்மை, படபடப்பு, மனக்கலக்கம் ஆகியவற்றுக்கு அவற்றைப் பொடித்தோ கொதிக்க வைத்தோ கொடுப்பார்கள். விவசாயிகள் ஓய்வு மாதங்களில் குகைகளைத் தோண்டி எலும்பு எடுத்து வியாபாரிகளிடம் விற்றார்கள். இந்த வணிகத்தில் எவ்வளவு புதைபடிவம் அரைபட்டுக் குடிக்கப்பட்டது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அதே வணிகம்தான் ஆய்வாளர்களுக்கு வழியும் காட்டியது. 1903இல் மியூனிக்கின் மாக்ஸ் ஷ்லோசர் சீன மருந்துக்கடைப் பற்களை ஆராய்ந்து எழுதியபோது, மனிதனுடையதைப் போன்ற ஒரு கடைவாய்ப் பல்லைக் குறிப்பிட்டார். சீனத்தில் ஆதிமனிதத் தடயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையை வளர்த்தவற்றில் அந்த ஒற்றைப் பல்லும் ஒன்று. பின்னாளில் பீக்கிங் மனிதன் வெளிப்பட்ட சோகௌடியன் குன்றுக்கு உள்ளூர் மக்கள் வைத்திருந்த பெயரே டிராகன் எலும்பு மலை.

கோனிக்ஸ்வால்டுக்கு அடுத்த சில ஆண்டுகளில் மேலும் சில பற்கள் மட்டுமே கிடைத்தன, எல்லாமே கடைகளில் வாங்கியவை. எந்த மண்ணில், எந்த அடுக்கில் இருந்து வந்தவை என்று தெரியாது. அதற்குள் உலகப் போர் மூண்டது. அவர் ஜாவாவில் ஜப்பானியரின் சிறையில் அடைபட்டார். அவர் வாங்கிய பற்களின் வார்ப்புகள் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் வைடன்ரைக் கையில் இருந்தன. வைடன்ரைக் அவற்றைப் பார்த்துவிட்டு, இது குரங்கே இல்லை, மனித இனத்தின் பூத உருவ முன்னோர் என்ற முடிவுக்கு வந்தார். ஆதியில் மனிதர்கள் பூதங்களாக இருந்து படிப்படியாகச் சிறுத்தார்கள் என்பது அவர் 1946இல் முன்வைத்த கருத்து. அவர் சாதாரண ஆள் அல்ல. பீக்கிங் மனிதனின் எலும்புகளை அத்தனை நுணுக்கமாக விவரித்தவர். போர் முடிந்து விடுதலையான கோனிக்ஸ்வால்ட் 1952இல் விரிவாக எழுதி, இது நம் நேரடி முன்னோர் இல்லை, மனிதக் கிளையில் இருந்து பிரிந்த பக்கக் கிளை என்று வாதிட்டார். ஆனாலும் 'பூத மனிதன்' என்ற எண்ணம் ஒருமுறை அச்சேறிவிட்டது. பிறகு அது முழுதாக மறையவே இல்லை.

திருப்பம் 1950களின் நடுவில் வந்தது. பெய் வென்சோங் தலைமையிலான சீன ஆய்வாளர்கள் டிராகன் எலும்பு வணிகத்தின் தடத்தையே பின்தொடர்ந்தார்கள். எந்த மாவட்டத்துச் சரக்கு, யார் தோண்டியது என்று விசாரித்துக்கொண்டே தெற்கே குவாங்சிக்குப் போனார்கள். தட்டையான நெல்வயல்களுக்கு நடுவே திடீர் திடீரென்று செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள் அங்கே உண்டு. அவற்றின் உடம்பெல்லாம் குகைகள். 1956இல் லியூச்செங் பகுதிக் குகை ஒன்றில் உரத்துக்காக மண் தோண்டிய விவசாயி ஒருவரால் முதல் கீழ்த்தாடை வெளியே வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அதே குகையில் இருந்து மேலும் இரண்டு தாடைகளும் ஆயிரத்துக்கு அருகில் பற்களும் கிடைத்தன.

இன்றுவரை சேர்ந்த மொத்தச் சான்று நான்கு கீழ்த்தாடைகளும் ஏறக்குறைய 2,000 பற்களும்தான். மண்டையோடு இல்லை. கை, கால், இடுப்பு, முதுகெலும்பு என்று ஒன்றும் உறுதிப்படவில்லை. காரணம் அந்த முள்ளம்பன்றிகள். எலும்பை வளைக்கு இழுத்துப்போய்க் கொறிப்பது அவற்றின் இயல்பு. தாதுச்சத்துக்காக எலும்பையும் பல்வேரையும் தின்றுவிடும். எனாமல் மட்டும் அவற்றின் பல்லுக்கு மசியவில்லை. ஆக 3 மீட்டர் உயரம், 200 முதல் 300 கிலோ எடை என்று படிக்கிறோமே, அது பல்லையும் தாடையையும் வைத்துப் போட்ட கணக்கு. பல் பெரிதாக இருந்தால் உடம்பும் அதே விகிதத்தில் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே அந்த எண்ணைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகங்களில் நிற்கும் செம்பழுப்பு ரோம உருவங்கள் எல்லாம் கழுத்துக்குக் கீழே ஊகமே.

கதை வந்து ஒட்டிய விதம்

1951 நவம்பரில் எரிக் ஷிப்டன், எவரெஸ்டுக்கு வழி தேடிப் போன பயணத்தில், மென்லுங் பனியாற்றின் மீது வரிசையாகக் கால்தடங்களைப் பார்த்துப் படம் எடுத்தார். பக்கத்தில் பனிக்கோடரியை வைத்து எடுத்த அந்த ஒற்றைத் தடத்தின் படம் உலகெங்கும் பரவியது. சுமார் 33 சென்டிமீட்டர் நீளம், அகலமான பாதம், கனத்த பெருவிரல். அடுத்த ஆண்டு கோனிக்ஸ்வால்டின் ஆய்வு; 1956இல் லியூச்செங் தாடை. ஆசியாவில் ஒரு பூதக் குரங்கு இருந்தது என்ற செய்தியும், ஆசியாவின் பனிமலையில் ஒரு பூதக் கால்தடம் என்ற செய்தியும் ஒரே பத்தாண்டில் வந்து விழுந்தன. விலங்கியலாளர் பெர்னார்ட் ஹூவல்மன்ஸ் போன்றவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். முடிச்சுக்கு ஆதாரம் இரண்டும் பெரியவை, இரண்டும் ஆசியாவில் என்பது மட்டுமே.

ஷெர்பாக்களின் யெட்டி இதற்கெல்லாம் மிக முந்தையது. மலையின் சக்திகளோடும் மடாலய வழிபாட்டோடும் பிணைந்த உயிர் அது. கும்ஜுங் கிராமத்து மடாலயத்தில் யெட்டியின் உச்சந்தலை என்று கூம்பு வடிவில் ஒரு ரோமத்தோலை வைத்துப் போற்றி வந்தார்கள். 1960இல் யெட்டி தேடிப் போன எட்மண்ட் ஹிலாரி, குறித்த நாளுக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி அதை இரவல் வாங்கினார். ஊர்ப் பெரியவர் ஒருவர் அதோடு கூடவே வெளிநாட்டுக்குப் போனார். பார்த்த நிபுணர்கள், அது செரோ என்ற மலையாட்டின் தோலை அச்சில் அழுத்தி வடிவம் கொடுத்தது என்றார்கள். ஊர்க்காரர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்தால் அது பெரிய தவறு. சடங்குக்கான பொருளைச் சடங்குக்காகச் செய்து வைத்திருந்தார்கள். அதை விலங்கியல் மாதிரியாக்கியவர்கள் வெளியே இருந்து வந்தவர்கள். அந்தத் தொடர்பில் விளைந்த நல்ல காரியம், 1961இல் ஹிலாரி கும்ஜுங்கில் எழுப்பிய பள்ளிக்கூடம்.

அமெரிக்காவில் இதே முடிச்சை இன்னும் இறுக்கியவர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மானுடவியலாளர் குரோவர் கிரான்ட்ஸ். பசிபிக் கரையோரப் பூர்வகுடிகளிடம் காட்டு மனிதர்களைப் பற்றிய கதைகள் முன்பே உண்டு. 1958இல் வட கலிஃபோர்னியாவில் சாலைப் பணியிடத்தில் பெரிய கால்தடங்கள் தென்பட்ட செய்தியோடு 'பிக்ஃபுட்' பிறந்தது. அந்தப் பணியின் ஒப்பந்தக்காரர் ரே வாலஸ் 2002இல் இறந்தபின், மரத்தில் செதுக்கிய பாதங்களை அவர் குடும்பத்தார் வெளியே காட்டினார்கள். கிரான்ட்ஸ் அதற்கெல்லாம் அசரவில்லை. பிக்ஃபுட் என்பது இன்னும் உயிரோடிருக்கும் ஜைகாண்டோபிதெக்கஸ் என்றே வாதாடினார்.

அவருடைய வாதத்தில் ஒன்று மட்டும் உடற்கூறு சார்ந்தது, அதனால் மதிப்பளித்துப் பார்க்க வேண்டியது. தாடையின் இரண்டு கிளைகளும் பின்னால் போகப் போக அகன்று விரிகின்றன. நிமிர்ந்து நடக்கும் உயிருக்குக் கழுத்து தலைக்கு நேர்கீழே வரும், அதற்கு இடம் விடத்தான் இந்த விரிவு என்றார் அவர். சரி, தாடை விரிவதற்கு வேறு காரணம் இருக்க முடியாதா? முடியும். அத்தனை பெரிய கடைவாய்ப் பற்கள், நார்ப்பொருளை நாள் முழுக்க அரைப்பதற்கான தசைகள், அவை சேரும் அகலமான மண்டை. இவை இருந்தாலே தாடை பின்னால் விரியும். கழுத்து எப்படி இருந்தது என்று தாடை மட்டும் சொல்லாது. மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் நுழையும் துளை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த எலும்புதான் நம்மிடம் இல்லையே. மூன்றாவது கூற்று இங்கேயே சான்று இல்லாமல் நின்றுவிடுகிறது.

யெரென் இவற்றைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஹூபெய் மாகாணத்தின் ஷென்னோங்ஜியா காடுகளில் உலவுவதாகச் சொல்லப்படும் செந்நிற ரோம மனிதன் அது. அதே ஹூபெயின் மேற்கே ஜியான்ஷி குகையில் ஜைகாண்டோபிதெக்கஸ் பற்கள் உண்மையிலேயே கிடைத்திருக்கின்றன. கதையும் புதைபடிவமும் ஒரே மாகாணத்தில் அமைவது இங்கே மட்டும்தான். 1970களின் பிற்பகுதியில் சீன அறிவியல் கழகம் பெரிய தேடல் குழுவையே அனுப்பியது. கால்தடம், ரோமம் என்று கொண்டுவந்தார்கள். ஒரு விலங்கையோ எலும்பையோ கொண்டுவரவில்லை. இடம் பொருந்துகிறது, ஆனால் காலம் பொருந்தவில்லை.

காலக்கணக்கு

இந்த ஆய்வின் முடிச்சை அவிழ்ப்பது காலம். 2024 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் சாங் யிங்சி, கிரா வெஸ்ட்அவே குழுவினரின் ஆய்வு வெளியானது. குவாங்சியில் 22 குகைகளை எடுத்துக்கொண்டார்கள். பாதியில் இந்தக் குரங்கின் தடயம் உண்டு, மீதிப் பாதியில் இல்லை. இல்லாத குகைகளையும் சேர்த்தது பெரிய விஷயம். எப்போதிலிருந்து இல்லை என்று அவைதான் சொல்லும். வண்டல் மணல் கடைசியாக வெளிச்சம் பார்த்தது எப்போது என்று அளப்பது, பல்லிலும் குகைப்படிவிலும் யுரேனியம் சிதைந்திருக்கும் அளவைப் பார்ப்பது என்று ஆறு முறைகளில் காலம் கணித்தார்கள். மகரந்தத்தை வைத்து அந்தந்தக் காலத்துக் காட்டையும் மீட்டெடுத்தார்கள்.

கிடைத்த படம் இது. சுமார் 23 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே அடர்ந்த காடு, ஆண்டு முழுவதும் பழம், ஜைகாண்டோபிதெக்கஸின் செழிப்பு. 7 லட்சம் முதல் 6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பருவ வேறுபாடு கூடி, காடு திறந்துகொள்ளத் தொடங்கியது. வறண்ட மாதங்களில் பழம் கிடைக்கவில்லை. கூடவே வாழ்ந்த ஒராங்குட்டான் உணவை மாற்றிக்கொண்டது, அளவிலும் வாழ்முறையிலும் நெகிழ்ந்து கொடுத்தது. பெருங்குரங்கோ பட்டை, நார் போன்ற சத்துக் குறைந்த உணவில் தங்கிப்போனது. அதன் பற்களின் வளர்ச்சிக் கோடுகளில் நீண்டகால நெருக்கடியின் அடையாளம் பதிந்திருக்கிறது. 2,95,000 முதல் 2,15,000 ஆண்டுகளுக்கு முன்பான இடைவெளியில் அது அற்றுப்போனது.

இரண்டாவது கூற்றை இந்தத் தேதியோடு வைத்துப் பாருங்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தென்சீனத்துக்கு வந்தது எப்போது என்பதில் சர்ச்சை உண்டு. மிக முந்தைய தேதி சொல்பவர்கள்கூடப் பெரும்பாலும் 1,20,000 ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. பலர் 65,000 ஆண்டுகளுக்கு உள்ளேதான் என்கிறார்கள். அந்தத் தாராளமான கணக்கை எடுத்தாலும் நடுவே 90,000 ஆண்டுகளுக்கு மேல் வெற்றிடம். நம் முன்னோர் யாரும் குவாங்சியின் காட்டில் இந்தக் குரங்கை நேருக்கு நேர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்திருக்கக் கூடியது நமக்கு முந்தைய மனித இனமான ஹோமோ எரெக்டஸ். வியட்நாமின் லாங் சோன் மாகாணத்துத் தாம் குயென் குகையில் இரண்டின் பற்களும் ஒன்றாகக் கிடைத்திருக்கின்றன. இன்று சொல்லப்படும் எந்தக் கதையையும் ஹோமோ எரெக்டஸ் வரை கொண்டுபோக யாராலும் முடியாது.

முதல் கூற்றுக்கு, அதாவது இன்னும் வாழ்கிறது என்பதற்கு, வாழிடமே எதிரி. தென்சீனமும் அதை ஒட்டிய வியட்நாமும்தான் இதன் உலகம். பல்லில் உள்ள கார்பன் விகிதங்கள் அது காட்டு உணவு மட்டுமே தின்றதைக் காட்டுகின்றன. காடு கொஞ்சம் திறந்ததற்கே தாங்காத விலங்கு, மரமே இல்லாத பனியாற்றின் மேல் எதைத் தின்று வாழும்? சைபீரியா வழியாக பெரிங் நிலப்பாலம் கடந்து அமெரிக்கா போயிருக்கும் என்கிறவர்கள், வழி நெடுக ஒரு பல்லைக்கூடக் காட்டியதில்லை. இத்தனைக்கும் இந்த விலங்கு விட்டுச்செல்வதில் மிகவும் கெட்டியானது பல்தான்.

இமயத்தில் 'யெட்டி' எச்சங்கள் என்று பாதுகாத்தவற்றையும் சோதித்தாகிவிட்டது. 2017இல் ஷார்லட் லிண்ட்க்விஸ்ட் குழு ஒன்பது மாதிரிகளின் டிஎன்ஏவைப் பார்த்தது. எட்டு கரடி, ஒன்று நாய். பாங்போச்சே மடாலயத்து 'யெட்டி கை'யின் விரல் 2011இல் மனித விரல் என்று தெரியவந்தது. கால்தடங்களுக்கும் கரடி நன்றாகவே பொருந்துகிறது. முன்காலின் தடத்தின் மீதே பின்காலை வைத்துப் போகும்போது இரண்டும் சேர்ந்து ஒரே நீள் பாதம் போலத் தெரியும். வெயிலில் விளிம்பு உருகினால் இன்னும் விரியும்.

மனித உறவு என்ற பேச்சையும் 2019இல் ஒரு பல்லே முடித்து வைத்தது. குவாங்சியின் சுய்ஃபெங் குகையில் கிடைத்த 19 லட்சம் ஆண்டுப் பழைய கடைவாய்ப் பல்லின் எனாமலில் இருந்து ஃப்ரிடோ வெல்கர் குழு புரதங்களைப் பிரித்தெடுத்தது. வெப்பமும் ஈரமும் நிறைந்த அந்த மண்ணில் அவ்வளவு பழைய பல்லில் டிஎன்ஏ நிற்காது. எனாமலுக்குள் சிக்கிய புரதம் நின்றிருந்தது. அதன்படி இதன் நெருங்கிய சொந்தம் ஒராங்குட்டான். இரண்டும் 120 முதல் 100 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை.

நம் பக்கத்துப் பேச்சு

இந்தியாவிலும் இதன் சாயலில் ஒரு பெருங்குரங்கு உண்மையில் இருந்தது. இமாச்சலப் பிரதேசத்தின் ஹரிதல்யாங்கரில் 1968இல் ஒரு கீழ்த்தாடை கிடைத்தது. முதலில் ஜைகாண்டோபிதெக்கஸ் பிலாஸ்பூரென்சிஸ் என்றார்கள். இப்போது தனிப் பேரினமாக இண்டோபிதெக்கஸ் என்கிறார்கள். காலம் 80 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால். இந்தத் தாடையையும் சீனப் பற்களையும் காட்டி, இராமாயணத்து வானரர்கள் இவைதான் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது அறிவியலாகவும் படவில்லை, பக்தியாகவும் படவில்லை. கம்பனின் இராமன் அனுமன் பேசுவதைக் கேட்டு 'சொல்லின் செல்வன்' என்று வியக்கிறான். கிட்கிந்தைக்கு அரசு உண்டு, அமைச்சு உண்டு, அண்ணன் தம்பிப் பகை உண்டு. அந்தப் பாத்திரங்களை நிரூபிப்பதாக நினைத்துக்கொண்டு பட்டை கடித்து நெருக்கடியில் மாய்ந்த ஒரு விலங்கோடு கட்டுவது, இரண்டுக்கும் செய்யும் அநியாயம்.

தொன்மத்துக்கும் இந்தக் குரங்குக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொடர்பு உண்டு, எதிர்த்திசையில். குரங்கில் இருந்து கதை பிறக்கவில்லை. கதைதான் குரங்கைக் கண்டெடுத்துக் கொடுத்தது. டிராகன் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் விவசாயிகள் குகைகளில் எலும்பு தோண்டியிருக்க மாட்டார்கள், ஹாங்காங் கடையில் அந்தப் பல் இருந்திருக்காது, பெய் வென்சோங்குக்குப் பின்தொடர ஒரு தடம் இருந்திருக்காது. ஆவணத்தோடு காட்டக்கூடிய ஒரே தொடர்பு இது. யெட்டிக்கும் பிக்ஃபுட்டுக்கும் கிடைக்கும் வெளிச்சத்தில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

திறந்திருக்கும் கேள்வி ஒன்றே: அது எப்படி நடமாடியது? ஒராங்குட்டானின் உறவு என்பதையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் தரையில், நான்கு காலில் என்று ஊகிக்கலாம். முள்ளம்பன்றிக்குத் தப்பிய ஒரு மண்டையோட்டு அடிப்பகுதியோ ஒரு தொடையெலும்போ குவாங்சிக் குகை எதிலிருந்தாவது கிடைத்தால் அது உறுதிப்படும், அல்லது மாறும்.